கொப்பரை எரிந்த சாயங்காலம்

அந்தத் தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூக்கு டெய்லர். தையல் நன்றாக வரும் என்பதைவிட, அவள் மூக்குக்குத் தப்பி ஒன்றும் போகாது என்பதுதான் ஊரறிந்த சங்கதி. அளவு கொடுக்க வருகிறவர்கள் குளித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். குளிக்காமல் வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "பழைய சட்டை ஒண்ணு குடுத்துட்டுப் போ, அதை வச்சே தைக்கிறேன். அதையும் துவைச்சுக் குடு" என்பாள். கோபித்துக்கொண்டு போனவர்களும் திரும்பி வந்தார்கள். அவள் தைத்த காலர் கழுத்தில் உட்கார்ந்தால் துணி நைந்துபோகிறவரை எழுந்திருக்காது.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அவள் வாழ்க்கைப்பட்டது எலும்பு காய்ச்சும் ஆலைக்கு எதிர்வீட்டில். எலும்பையும் தோல் துண்டுகளையும் ஆள் உயர இரும்புக் கொப்பரைகளில் வேகவைத்து, தச்சு வேலைக்கான பசை எடுக்கிற ஆலை அது. அந்த நாற்றத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அழுகலும் இல்லை, தீய்ச்சலும் இல்லை; இரண்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற மாதிரி ஒன்று. கல்யாணமாகி வந்த சில நாளிலேயே அவள் ஓங்கரித்து வாந்தியெடுக்க, மாமியார் பூரித்துப்போய் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள். விஷயம் வேறு என்று தெரிந்தபோது அந்த அம்மாளுக்கு உண்டான ஏமாற்றம் கடைசிவரை ஆறவே இல்லை.

மாமனார் அந்த ஆலையில் கொப்பரைக்காரர். நீளமான இரும்புத் துடுப்பால் கிளறுவதும் மேலே மிதக்கும் நுரையை வழித்துப் போடுவதும் அவர் வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அது அவர் நகக்கண்ணிலும் காது மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். அவர் துணியைத் தனி வாளியில் ஊறப்போடுவாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டே அடுக்களைக்குத் திரும்பி, அங்கே போய்த்தான் மூச்சு விடுவாள். புருஷன் பஸ் டிரைவர். அதுவரைக்கும் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள். ஊரெல்லாம் ஹாரன் அடிக்கிற மனுஷன், வீட்டில் வாயே திறக்கமாட்டார்.

ஒருநாள் ஆலையை மூடிவிட்டார்கள். தெருவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அவள் மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமே மாமனார் போய்ச் சேர்ந்தார். அவர் மெத்தையை எரித்து, அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அங்கேதான் தன் தையல் மெஷினைப் போட்டாள். தெருப் பக்கம் பெரிய ஜன்னல். நல்ல வெளிச்சம்.

அந்தச் சந்தோஷமும் நீடிக்கவில்லை. பேயை ஓட்டிவிட்டுப் பிசாசைக் குடிவைத்த கதையாக, ஆலையின் சுற்றுச்சுவர் ஓரிடத்தில் சரிந்தது. முதலில் யாரோ ஒருவர் உடைந்த சிமெண்டுத் தொட்டியைக் கொண்டுவந்து போட்டார். அதற்குத் துணையாகக் கிழிந்த மெத்தை வந்தது. மெத்தைக்குத் துணையாகச் செத்த நாய் வந்தது. அதன்பிறகு நேரம் காலம் இல்லை. குழந்தைகளின் மலத்துணி, பழக்கடை அழுகல், ஆஸ்பத்திரிப் பஞ்சு, கறிக்கடைக் குடல் என்று எதிர்மனை மேடாக வளர்ந்தது. அவள் ஜன்னலில் நின்று கத்திப் பார்த்தாள். "உன் வீட்டுக் கூடத்துல கொட்டுடா!" என்று அவள் போடுகிற சத்தத்தில் சைக்கிளோடு விழுந்தவர்கள்கூட உண்டு. நகராட்சியில் கேட்டால் தனியார் இடம் என்றார்கள். தனியார் எந்த நாட்டில் இருக்கிறாரோ யாருக்கும் தெரியாது. கடைசியில் ஜன்னலைச் சாத்தி, இடுக்குக்கெல்லாம் துணி திணித்து, பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடியது.

அப்புறம்தான் அந்தக் கலைக்கூட்டம் வந்தது.

தலைவி மாதிரி இருந்தவளுக்கு முடி காதோடு நின்றிருந்ததால் தெரு அவளைக் குட்டைமுடி என்றது. பாழடைந்த ஆலைகளில் சில மாதங்கள் ஓவியமும் சிற்பமும் வைத்து, ஜனங்களை வரவழைத்து, பிறகு கழற்றி எடுத்துக்கொண்டு போவது அவர்கள் வழக்கமாம். எந்த நாட்டிலோ இருந்த ஆலைக்காரனைத் தேடிப் பிடித்து, மழைக்காலம் தொடங்கும்வரை இடம் தங்களுக்கு என்று எழுதி வாங்கியிருந்தார்கள். லாரி லாரியாகக் குப்பை போயிற்று. அதுவரை சரி. ஆனால் எல்லாக் குப்பையும் போகவில்லை. கையுறையும் முகமூடியுமாக உட்கார்ந்து பொறுக்கி எடுத்தார்கள். செருப்பின் அடிப்பாகம், பொம்மைத் தலை, பல் துலக்கும் பிரஷ், பிளாஸ்டிக் பை. எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவிக் கம்பியில் கோத்துப் புகைபோக்கியிலிருந்து தோரணமாகக் கட்டினார்கள்.

"குப்பையைத் தூக்கிப் போடுங்கடான்னா, குப்பையைக் குளிப்பாட்டிக் கட்டித் தொங்கவிடுதுங்க. இதை வேற கண்ணால பாக்கணுமாம்" என்று அவள் புருஷனிடம் முகத்தைச் சுளித்தாள். அவர் வழக்கம்போல "ம்" என்றார்.

ஒருநாள் குட்டைமுடி கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு படியேறி வந்தாள். குளித்துவிட்டு வந்திருந்ததால் உட்கார இடம் கிடைத்தது.

"அம்மா, இந்த ஆலையைப் பத்தி உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?"

"நாத்தம்."

"வேற?"

"வேற நாத்தம்."

குட்டைமுடி சிரித்தாள். மூக்கு டெய்லர் சிரிக்கவில்லை. "சிரிக்கிறதுக்குச் சொல்லலம்மா. நான் சொன்னது அவ்வளவுதான். எழுதிக்க."

ஆனாலும் ஒன்றை அவளால் மறுக்க முடியவில்லை. எதிர்மனை மட்டமானது. தண்ணீர்க் குழாய் வந்தது, விளக்குக் கம்பங்கள் வந்தன, பழைய மரச்சட்டங்களில் பெஞ்சுகள் வந்தன. கலைக்கூட்டத்தின் லாரி தினமும் காலையில் தெருவின் குப்பையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. அடுத்த தெருவில் கறிக்கடை வைத்திருந்த அவள் தம்பியின் கழிவும் அதில்தான் போயிற்று. ஒரு காலைப்பொழுதில், ஜன்னல் இடுக்கில் திணித்த துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கதவைத் திறந்தாள். மூக்கை நீட்டினாள். வெறும் காற்று. மண்ணின் வாசனையும் பெயிண்ட் வாசனையும்தான். டியூப் லைட்டை அணைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் குட்டைமுடிக்குக் கொம்பு முளைத்துவிடும்.

திறப்பு விழா நாளும் வந்தது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் தெருவே கார்களாக நின்றது. நல்ல துணி, நல்ல செண்ட். வந்தவர்களின் தையலை மேலிருந்தே எடைபோட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றவள், திடீரென்று மூக்கைச் சுருக்கினாள். முதலில் நம்பவில்லை. மறுபடி மூச்சை இழுத்தாள். அதேதான். அழுகலும் தீய்ச்சலும் கைகோத்துக்கொண்டு அவள் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன.

வாயில் துணியைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினாள்.

ஆலையின் நடுக்கூடத்தில் மூன்று கொப்பரைகள் மிச்சம் இருந்தன; கனம் தாங்காமல் இரும்புத் திருடர்களே விட்டுவிட்டுப் போனவை. இரண்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூன்றாவதற்கு அடியில் விறகு எரிந்தது. உள்ளே எலும்பும் தோலும் கொதித்தன. பக்கத்தில் ஒரு பலகை: 'இந்த இடத்தின் மூச்சு'. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொப்பரையிடம் போய் முகர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் மயங்கி விழுவதுபோல் நடித்தாள். அவளைத் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒருவன் நடித்தான். சுற்றி நின்றவர்கள் கிளுகிளுவென்று சிரித்தார்கள்.

எலும்பு கொடுத்த வள்ளல் வேறு அங்கேயே நின்றிருந்தான். அவள் தம்பிதான். "அக்கா, எல்லாம் நம்ம கடைச் சரக்கு! பலகையில என் கடைப் பேரும் போட்டிருக்காங்க பாரு!" என்று பல்லைக் காட்டினான்.

"உன் மூஞ்சியில என் செருப்பைப் போட" என்று அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போனவள், கொப்பரைக்கு மறுபக்கம் ஒருவர் நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் புருஷன். டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, கொப்பரை விளிம்பில் குனிந்து, அந்த ஆவியை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார். பசித்தவன் சோற்றுப் பானையில் குனிந்த மாதிரி.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷனா இது என்று இருந்தது. புதுக் குழாயடிக்கு ஓடினாள். வாளியில் தண்ணீரைப் பிடித்தாள். தூக்க முடியாமல் தூக்கிவந்து அடுப்பில் கொட்டினாள். புஸ்ஸென்று நீராவியும் சாம்பலும் கூரைவரை எழும்பின. முகமெல்லாம் கரியோடு, கையில் காலி வாளியோடு அவள் மூச்சு வாங்க நின்றாள்.

கூட்டம் கைதட்டியது.

நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். "ரொம்ப உருக்கம்" என்றது ஒரு குரல். யாரோ அவள் பக்கத்தில் வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். அந்தக் கைதட்டலைவிடக் கொப்பரை நாற்றமே தேவலை என்று தோன்றியது அவளுக்கு. காலடியில் காறித் துப்பிவிட்டு வெளியே நடந்தாள். அதற்கும் இரண்டு பேர் தட்டினார்கள்.

பின்னாலேயே வந்த புருஷன் வீட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏன் அணைச்ச?"

அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. அவளுக்கும் ஏறியது. "ஏன் அணைச்சேனா? அந்த நாத்தத்தைக் குடிக்கிற மாதிரி நின்னீங்களே, உங்களுக்குக் குமட்டல?"

"அது உனக்கு நாத்தம். எனக்கு எங்கப்பா."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சின்ன வயசுல அவர் மேல ஏறிப் படுத்துக்குவேன். இந்த வாசனைலதான் தூங்குவேன். ஆலையும் மூடி, அவரும் போயி, மெத்தையையும் எரிச்சு, அறைக்கும் வெள்ளையடிச்சாச்சு. அப்புறம் எனக்கு அவர் எங்கயும் கிடைக்கல. இன்னைக்குக் கிடைச்சாரு. வாளி எடுத்துட்டு வந்துட்ட."

"இத்தனை நாள் நான் நாத்தம் நாத்தம்னு சொன்னப்பல்லாம் சும்மாதானே இருந்தீங்க?"

"நீ அவர் தட்டை வச்சிட்டு மூச்சை அடக்கிட்டு ஓடுவியே, அதை அவரும் பாத்துட்டுதான் சும்மா இருந்தாரு."

அதற்கப்புறம் சில நாள் புருஷன் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். அவள் மெஷினில் உட்கார்ந்து கால் மிதித்துக்கொண்டே இருந்தாள். ஊசி ஒடிந்ததும் நூல் சிக்கியதும்தான் மிச்சம். தப்பு செய்துவிட்டோம் என்று அவள் மனசு ஒப்பவில்லை. நாற்றம் நாற்றம்தான். அதற்குச் செத்துப்போன ஒரு மனுஷன் பேரைச் சூட்டினால் மணத்துவிடுமா? ஆனால் மாமனார் அதைப் பார்த்திருக்கிறார் என்ற எண்ணம் மட்டும் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் அவளே எதிர்மனைக்குப் போனாள். குட்டைமுடி பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"அம்மா, நாங்க அந்தக் கொப்பரையை இனிமே..."

"கொளுத்திக்க."

"என்னது?"

"ஒரு நாள் கொளுத்திக்க. ஆனா மூக்கைப் பிடிச்சிக்கிட்டுப் பல்லைக் காட்டுற கூட்டம் ஒண்ணும் உள்ள வரக் கூடாது. கேட்டைச் சாத்து. இங்க வேலை பாத்தவங்க, அவங்க வீட்டு ஆளுங்க, அவ்வளவுதான். அவங்களுக்கு வேணும்னா முகர்ந்துக்கட்டும், அழட்டும், என்னமோ பண்ணட்டும்."

"நீங்க வருவீங்களாம்மா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படியே நடந்தது. பழைய ஆட்கள் தெருத்தெருவாகத் தேடி வரவழைக்கப்பட்டார்கள். ஒருவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவள் ஜன்னலைச் சாத்தி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அப்படியும் வாஷ்பேசினுக்கும் மெஷினுக்கும் நடந்து நடந்து காலைச் சாப்பாடு முழுவதையும் வெளியே விட்டாள். மத்தியானம் புருஷன் வந்தார். அந்த வாசனை அவரோடு படியேறி வந்தது. அவர் நேரே குளிக்கப் போகத் திரும்பியபோது, "சாப்பிட்டுக் குளிங்க. ஆறிடும்" என்றாள். பரிமாறிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை அவள் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

மேகம் கறுக்கத் தொடங்கியதும் கலைக்கூட்டம் மூட்டை கட்டியது. செருப்புத் தோரணம் இறங்கியது. பெஞ்சுகள் லாரியேறின. விளக்குக் கம்பங்களைப் பிடுங்கினார்கள். குழாயைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள், வாடகைக் குழாயாம். "பெஞ்சாவது இருக்கட்டுமே" என்று அவள் கேட்டாள். அடுத்த ஊரில் இன்னொரு ஆலை இருக்கிறது, அங்கே வேண்டும் என்றாள் குட்டைமுடி. சொல்லும்போது அவள் கண் கலங்கியது. "கண்ணைக் கசக்காதே. குழாயைக் கழட்டுற கையால கண்ணைத் துடைச்சா எரியும்" என்று சொல்லிவிட்டு இவள் திரும்பிவிட்டாள். தற்காலிகம் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருந்தார்கள்தான். அதைப் படித்திருந்தும் ஏமாந்துபோனோமே என்று தன்மேலேயே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

அந்த வாரமே, விடிந்ததும் ஜன்னலைத் திறந்தவளின் மூக்கில் ஈரக் குடல் நாற்றம் ஏறியது. காலி மனையின் நட்டநடுவில் ஒரே ஒரு சாக்குமூட்டை. ஈ மொய்த்தது. இறங்கிப் போய்ப் பார்த்தாள். ஆட்டுக்குடல், தோல் சவ்வு, ரத்தம் உறைந்த காகிதம். அந்தச் சாக்கின் வாயைக் கட்டியிருந்தது பச்சைக் கோடு போட்ட ஒரு துணிநாடா. அவள் தையலில் மிஞ்சும் நாடா. தம்பி வந்து, "கறி கட்ட ஆகும்க்கா" என்று வாங்கிக்கொண்டு போவது. லாரி வராமல் நின்றதும் கழிவை எங்கே போடுவதென்று யோசித்தவனுக்கு அக்கா வீட்டு எதிர்மனைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

ஊரான் கொட்டியபோது தொண்டை கிழியக் கத்தியவளுக்கு, இப்போது சத்தமே எழவில்லை. குனிந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். கசிந்தது. கையில் பட்டது. ஓரமாகப் போய் வாந்தியெடுத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி பிடித்தாள். மறுமுனை தானாக மேலே எழும்பியது. புருஷன் தூக்கியிருந்தார்.

"எங்க?" என்றார்.

"அவன் வீட்டுக்கு."

தெரு வேடிக்கை பார்க்க, இருவரும் அதைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். வழியெல்லாம் சொட்டியது. தம்பி மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி..." என்று ஆரம்பித்தவள் அப்படியே பின்வாங்கினாள். இவள் விறுவிறுவென்று உள்ளே போய், பளபளவென்று துடைத்து வைத்திருந்த கூடத்தின் நடுவில், சோபாவுக்கும் டிவிக்கும் இடையில், நாடாவை அவிழ்த்து மூட்டையைக் கவிழ்த்தாள்.

தம்பி உள்ளேயிருந்து ஓடிவந்தான். "அக்கா! உனக்குக் கிறுக்கா? வீட்டுக்குள்ளயா கொண்டாந்து கொட்டுவாங்க?"

"அதைத்தாண்டா நானும் கேக்கிறேன்."

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று அவன் டிரைவரைப் பார்த்தான்.

"நான் மறுமுனையைத்தான் பிடிச்சேன் மாப்ள. பேசறதெல்லாம் அவதான்."

தம்பி மனைவி மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். எடுத்ததைத் தன் புருஷன் கையில் திணித்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் சேதி தெருத்தெருவாகப் பரவியது. கூடப்பிறந்தவன் கூடத்திலேயே குடலைக் கொட்டிய மூக்கு டெய்லர் நம்மை விடுவாளா என்று ஒரு பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. குப்பை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமுடியாது. ஆலையின் பின்பக்கச் சந்தில் இன்றைக்கும் மலைபோல் கிடக்கிறது. அந்தச் சந்துக்காரர்கள் அவளைச் சபிக்கிறார்கள். முன்பக்கம் மட்டும் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. விளக்கு இல்லை, பெஞ்சு இல்லை, புல் முளைத்திருக்கிறது. அதுவே போதும் என்கிறாள் அவள். அழகாக ஒன்றும் வைக்க வேண்டாம், அசிங்கமாக ஒன்றும் போடாமல் இருந்தால் சரி.

மழை முடிந்து வெயில் வந்த ஒரு நாளில் தம்பி படியேறி வந்தான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கையில் புதுத்துணி மூட்டை. வாசலிலேயே நின்று, "அக்கா, வேற யார் தைச்சாலும் என் பொண்ணு போட்டுக்க மாட்டாளாம்" என்றான்.

அவள் மெஷினை நிறுத்தினாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள்.

"குளிச்சிட்டுதான் வந்திருக்கே. சரி, துணியைக் கீழ வை. கையை இன்னொரு தடவை கழுவிட்டு வந்து பிரி."

அவன் வீட்டுக் குழாயடிக்குப் போனான். டிரைவர் சோப்பை எடுத்துக் கொடுத்தார்.